பெயர் எழுதி வைத்தவர்கள்: காஞ்சனபுரிப் போர்க்கல்லறையின் பின்னணி

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்து ஐந்து வாரங்கள் கழிந்த நிலையில், செப்டம்பர் 22 அன்று, 13 பேர் கொண்ட ஒரு குழு தாய்லாந்தின் மேற்குக் காட்டுக்குள் புறப்பட்டது. அந்தக் காட்டின் வழியே பர்மாவுக்கு ஜப்பானிய ராணுவம் போட்ட ரயில் பாதையின் இருபுறமும் புதைக்கப்பட்டிருந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகளைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. அந்தப் பாதையில் உழைத்து, உயிரோடு மீண்ட கைதிகளும் அவர்களுள் இருந்தனர். மழைக்காலம் இன்னும் ஓயவில்லை. மூங்கில் சிலுவைகள் பல இடங்களில் மக்கிப்போயிருந்தன. கைவிடப்பட்ட முகாம்களைக் காடு மூடிக்கொண்டிருந்தது. இருந்தும் ஏறத்தாழ மூன்று வாரங்களில், 144 இடுகாடுகளில் இருந்த 10,549 கல்லறைகளில் 52 நீங்கலாக மற்ற அனைத்தையும் அவர்கள் கண்டுபிடித்தனர்.

இந்த 52 என்ற எண்ணை முதன்முதலாகப் படித்தபோது அது எழுத்துப் பிழையாக இருக்கும் என்றே நினைத்தேன். 400 கிலோமீட்டருக்கும் நீளமான காட்டுப் பாதை, காலராவும் பேதியும் சீதக்கழிச்சலும் ஒரே நாளில் பலரைக் கொண்டுபோன முகாம்கள், காகிதம் வைத்திருப்பதே தண்டனைக்குரிய குற்றமாக இருந்த சிறைவாழ்வு. இத்தனைக்கும் நடுவே இருநூற்றில் ஒருவர் மட்டுமே தொலைந்துபோனார் என்றால், மற்றவர்களைத் தொலையவிடாமல் காத்தது எது? இந்தக் கட்டுரை அதைத்தான் விளக்க முயல்கிறது. வீட்டுக்கு வெகு தொலைவில் இறந்த ஒரு வீரனுக்குக் கல்லறை தானாக அமைந்துவிடுவதில்லை. யாரோ ஒருவர் அவன் பெயரை எழுதி வைத்தால்தான் அமைகிறது. அதே பாதையில் இறந்த வேறு பல்லாயிரம் பேருக்கு, அவர்களில் மலாயாத் தமிழர்கள் பெருந்தொகையினர், அப்படி எழுதி வைக்க யாரும் இல்லை.

முதலில் அந்தப் பாதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபின், பர்மாவில் போரிட்ட தன் படைக்குக் கடல்வழியே பொருள் அனுப்புவது ஜப்பானுக்கு நாளுக்கு நாள் ஆபத்தானது. எனவே தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதையை மனித உழைப்பைக் கொண்டே போட்டு முடிக்க அது முடிவு செய்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் வீரர்களும், எண்ணிக்கையில் குறைவான அமெரிக்கர்களும் சேர்ந்த 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளும், அவர்களைப்போல் மூன்று மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் இதில் தள்ளப்பட்டனர். 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. போர்க்கைதிகளில் ஏறத்தாழ 13,000 பேர் இறந்திருந்தனர். மலேசியத் தமிழர்கள் இன்றும் இதைச் சயாம் மரண ரயில் என்றே சொல்கிறார்கள்; சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர்.

அந்த 10,549 கல்லறைகளைக் கண்டுபிடிக்க முடிந்ததன் காரணம் காட்டுக்குள் தொடங்கவில்லை, ராணுவ அலுவலகத்தில் தொடங்கியது. ஒரு படைவீரன் சேரும் நாளிலேயே அவனுக்கு ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண் சம்பளப் புத்தகத்தில் இருக்கிறது, கழுத்தில் தொங்கும் அடையாள வில்லையில் இருக்கிறது, படைப்பிரிவின் பெயர்ப்பட்டியலில் இருக்கிறது. அவன் இறந்தால் தகவல் சொல்ல வேண்டிய நெருங்கிய உறவினரின் முகவரி, தாய்நாட்டில் ஓர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பிடிபட்டபின்னும் அந்த ராணுவம் கலைந்துவிடவில்லை. முகாமுக்குள் அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர்கள் இருந்தனர், காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பழக்கம் இருந்தது. ஆகவே ஒருவர் இறந்தால் அவர் எண், பெயர், இறந்த நாள், நோய், புதைத்த இடம் ஆகியவற்றை யாராவது குறித்து வைத்தார்கள். கிடைத்த துண்டுக் காகிதங்களில் குறித்து, மூங்கில் குழாயிலும் தகரப் பெட்டியிலும் ஒளித்தார்கள். சில இடங்களில் அந்த ஆவணங்களை இடுகாட்டிலேயே, இறந்தவரோடு சேர்த்துப் புதைத்தும் வைத்தார்கள், காவலர்கள் அங்கே தோண்டிப் பார்க்கமாட்டார்கள் என்பதால். 1945-இல் காட்டுக்குள் போன குழுவின் கையில் இருந்த மிகப் பெரிய கருவி இந்தக் குறிப்புகள்தான்.

சட்டமும் இருந்தது. சிறையில் இறக்கும் போர்க்கைதியை மரியாதையாக அடக்கம் செய்ய வேண்டும், கல்லறையில் உரிய விவரங்கள் இருக்க வேண்டும், அது பராமரிக்கப்பட வேண்டும் என்று 1929-ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கை சொல்கிறது. ஜப்பான் அதில் கையெழுத்திட்டிருந்தாலும் அதை முறையாக ஏற்று உறுதிப்படுத்தவில்லை. ஆக, அந்தக் காட்டில் கல்லறைகளைக் காத்தது உடன்படிக்கையைக் காட்டிலும் கைதிகளின் பிடிவாதம் என்றே சொல்ல வேண்டும்.

அந்தக் குழுவோடு ஒரு ஜப்பானியரும் போனார். நாகாசே தகாஷி என்ற அவர், பாதை கடந்துபோகும் தாய்லாந்து நகரமான காஞ்சனபுரியில் ஜப்பானிய ராணுவக் காவல் படைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். போர் முடிந்ததும் கல்லறை தேடும் குழுவுக்கு மொழிபெயர்க்க நியமிக்கப்பட்டார். தம் படை என்ன செய்தது என்பதைக் கல்லறை கல்லறையாகப் பார்த்த அந்த நாட்கள் அவரை மாற்றின. பின்னாளில் பலமுறை காஞ்சனபுரிக்குத் திரும்பி வந்தார், அந்த ரயில் பாதையின் ஆற்றுப் பாலத்தின் அருகே சமாதானத்துக்காக ஒரு கோயில் எழுப்பினார். தாம் மொழிபெயர்த்த விசாரணையில் சித்திரவதைக்கு உள்ளான எரிக் லோமாக்ஸ் என்ற முன்னாள் கைதியை 1993-இல் அங்கேயே நேருக்கு நேர் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். நாகாசே 2011-இல் காலமானார்.

இங்கே ஒரு கேள்வி எழும். கண்டுபிடித்த உடல்களை ஏன் ஊருக்குக் கொண்டுபோகவில்லை? அமெரிக்கர்கள் கொண்டுபோனார்கள். மரண ரயில் பாதையில் இறந்த அமெரிக்கர்களின் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டுத் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டன. இரண்டு உலகப் போர்களுக்குப் பின்பும் அமெரிக்க அரசு அந்த முடிவைக் குடும்பத்திடமே விட்டது. பிரிட்டனும் அதன் பேரரசு நாடுகளும் வேறு வழியில் போயின. அந்த வழிக்கு முதல் உலகப் போரில் ஒரு வரலாறு இருக்கிறது.

1914-இல் பேபியன் வேர் என்பவர் படையில் சேர வயது கடந்திருந்ததால் செஞ்சிலுவைச் சங்கத்தின் வாகனப் பிரிவு ஒன்றுக்குத் தலைமையேற்று பிரான்சுக்குப் போனார். அங்கே வீரர்களைப் புதைத்த இடங்களைப் பதிவு செய்ய எவரும் பொறுப்பேற்கவில்லை என்பதைக் கண்டு, தம் குழுவை வைத்தே பதிவு செய்யத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அந்த வேலை ராணுவத்தின் அதிகாரபூர்வப் பணியாயிற்று. அதே 1915 ஏப்ரலில் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன் போர்முனையில் இறந்தபோது, அவர் உடல் தனி அனுமதியோடு இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டுக் குடும்ப மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. செல்வாக்குள்ள குடும்பத்தின் பிள்ளை வீடு திரும்புவான், கூலிக்காரன் மகன் சேற்றிலேயே கிடப்பான் என்ற நிலை வந்துவிடும் என்று வேர் அஞ்சினார். அதன்பின் எந்த உடலும் தாய்நாட்டுக்குத் திரும்பாது என்ற தடை வந்தது. இறந்த இடத்திலேயே, உடன் இறந்தவர்களோடு, எல்லாரும் சமம் என்பது அதன் அடிப்படை.

1917 மே 21 அன்று அரச சாசனத்தின் மூலம் பேரரசுப் போர்க் கல்லறைகள் ஆணையம் அமைந்தது. 1960 முதல் அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். 1918-இல் அந்த ஆணையத்துக்குப் பிரெடரிக் கென்யன் அளித்த அறிக்கைதான் இன்று நாம் காணும் தோற்றத்தைத் தீர்மானித்தது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல், 2 அடி 8 அங்குல உயரம், 1 அடி 3 அங்குல அகலம். மேலே படைப்பிரிவின் சின்னம், கீழே எண், பதவி, பெயர், இறந்த நாள், வயது. அதற்கும் கீழே குடும்பம் விரும்பினால் சொந்த வாசகம், இடைவெளிகளையும் சேர்த்து 66 எழுத்துக்குள். எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் வீதம் குடும்பத்திடமே கேட்கப்பட்டது. கனடா அரசு அந்தச் செலவைத் தானே ஏற்றது. நியூசிலாந்து, வசதி உள்ளவர் மட்டும் எழுதும்படி ஆகிவிடும் என்று சொல்லிச் சொந்த வாசகமே வேண்டாம் என்றது. சமத்துவம் என்ற ஒரே சொல்லை இரண்டு நாடுகள் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இந்த முடிவை எல்லாத் தாய்மாரும் ஏற்கவில்லை. போரில் மூன்று மகன்களைப் பறிகொடுத்த புளோரன்ஸ் செசில் சீமாட்டியின் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு வேண்டுகோள் விடுத்தனர். உடலைத் தராவிட்டாலும், ஒரே மாதிரிக் கல்லுக்குப் பதிலாகச் சிலுவையாவது நட அனுமதியுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. 1920 மே 4 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இது விவாதிக்கப்பட்டு, ஆணையத்தின் நிலைப்பாடே நிலைத்தது. மகன் அரசுக்குச் சொந்தமா, பெற்றவளுக்குச் சொந்தமா என்ற அந்தத் தாய்மாரின் கேள்விக்கு நியாயமான விடை கிடைத்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால், அன்று ஆணையம் விட்டுக்கொடுத்திருந்தால், செலவு செய்ய முடிந்த வீட்டின் பிள்ளைகள் மட்டுமே பெயரோடு நின்றிருப்பார்கள் என்பதையும் மறுக்க முடியவில்லை.

அடையாளம் தெரியாத உடலுக்கான வாசகத்தை ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் எழுதிக் கொடுத்தார். 'இறைவன் அறிந்தவர்' என்ற பொருளில் இரண்டு மூன்று சொற்கள்தான். அவருடைய ஒரே மகன் ஜான் 1915-இல் லூஸ் போரில் காணாமல்போனான். 1936-இல் தாம் இறக்கும்வரை மகனின் கல்லறையை அவர் காணவில்லை.

சென்னைவாசிகளுக்கு இதெல்லாம் தூரத்து ஊர்க் கதையல்ல. பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், நந்தம்பாக்கத்தில், போக்குவரத்து இரைச்சலுக்கு ஒரு சுவர் உள்ளே தள்ளி மதராஸ் போர்க்கல்லறை இருக்கிறது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் சிதறிக் கிடந்த, நிரந்தரமாகப் பராமரிக்க வழியில்லாத இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளைத் திரட்டி 1952-இல் அமைத்தது அது. 856 பேர் அங்கே இருக்கிறார்கள். பின்புறம், முதல் உலகப் போரில் இறந்து வேறு ஊர்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் தாங்கிய நினைவிடம். பேருந்தில் நாள்தோறும் அதைக் கடந்து போகிறவர்கள்கூட உள்ளே நுழைந்திருக்க மாட்டார்கள். யாரோ ஒரு வெளிநாட்டுத் தாய் பெற்ற பிள்ளை நம் ஊர் மண்ணில் கிடக்கிறான், அவன் தலைமாட்டுப் புல்லை நம் ஊர்க்காரர் ஒருவர் வெட்டிச் சீராக்குகிறார். இதற்கான செலவை பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய ஆறு நாடுகள் தத்தம் படையில் இறந்தோரின் எண்ணிக்கைக்கேற்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. உலகெங்கும் ஏறத்தாழ 17 லட்சம் பேரின் நினைவு இந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

மரண ரயில் பாதையில் கண்டுபிடித்த கல்லறைகளும் இந்த முறைப்படியே மூன்று இடங்களில் திரட்டப்பட்டன. பர்மாப் பக்கத்தில் இறந்தவர்கள் தன்பியூசயாட்டில். தாய்லாந்துப் பக்கத்தில், கைதிகள் தாங்களே தொடங்கிய ஆற்றங்கரை இடுகாடான சுங்காய் அங்கேயே நிலைத்தது. மற்றவர்கள் காஞ்சனபுரி நகரில், ரயில் நிலையத்துக்கு எதிரே. காஞ்சனபுரியில் மட்டும் காமன்வெல்த் படையினர் 5,000-க்கும் மேல், நெதர்லாந்துப் படையினர் 1,896 பேர்.

அங்கே கற்கள் நிமிர்ந்து நிற்பதில்லை. தரையோடு தாழ்ந்த சாய்வான பீடம், அதன்மேல் ஒரு வெண்கலப் பலகை. படிக்க வேண்டுமென்றால் குனிய வேண்டும், சில எழுத்துக்களுக்கு முழந்தாளிட வேண்டும். எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. வயதுகளைப் படித்துக்கொண்டே போனால் 22, 24, 27, 23 என்று வரும். இறந்த நாட்களைப் பார்த்தால் 1943-ஆம் ஆண்டின் மழைமாதங்கள் மீண்டும் மீண்டும் வரும். வேலையை விரைந்து முடிக்கும்படி ஜப்பானியப் பொறியாளர்கள் நெருக்கிய மாதங்களும், காலரா பரவிய மாதங்களும் அவைதான். அடியில் தாயோ மனைவியோ எழுதி அனுப்பிய ஓரிரு வரிகள். மண்டபத்துச் சுவரில் இன்னொரு பட்டியல் இருக்கிறது. 1943 மே, ஜூன் மாதங்களில் நீக்கே முகாமில் பெரும்பாலும் காலராவில் இறந்து எரிக்கப்பட்ட சுமார் 300 பேரின் பெயர்கள். அவர்கள் சாம்பலைப் பிரிக்க முடியாததால் இரண்டு கல்லறைகளில் சேர்த்து வைத்தார்கள், பெயர்களைப் பிரித்துச் சுவரில் வைத்தார்கள். தாய்லாந்தின் முஸ்லிம் இடுகாடுகளில் புதைக்கப்பட்டு, பராமரிக்க வழியில்லாமல்போன இந்தியப் படையினர் 11 பேரின் பெயர்களும் அங்கே உண்டு.

ஒவ்வோர் ஏப்ரல் 25-உம் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருகிறவர்கள், கைதிகள் பாறையைக் குடைந்து வழி அமைத்த நரக நெருப்புக் கணவாயில் விடியலுக்கு முன் கூடுகிறார்கள், பிறகு காஞ்சனபுரிக் கல்லறைக்கு வந்து மலர் வளையம் வைக்கிறார்கள். அருகிலேயே 2003-இல் தொடங்கப்பட்ட ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. ராட் பீட்டி என்ற ஆஸ்திரேலியர் பல ஆண்டுகள் காட்டுப் பாதையை நடந்தே அளந்து திரட்டிய தகவல்களில் வளர்ந்தது அது. தாத்தாவைத் தேடி வரும் பேரப்பிள்ளை அவர் பெயரைச் சொன்னால், எந்த முகாமில் இருந்தார், எப்போது இறந்தார், முதலில் எங்கே புதைத்தார்கள், இப்போது எந்த வரிசையில் இருக்கிறார் என்று சொல்ல அங்கே ஆவணம் இருக்கிறது.

இந்த முறையின் சமத்துவம் எல்லாருக்கும் எட்டியதா என்றால், இல்லை. பிரான்சில் நோவ் ஷாப்பெல் என்ற ஊரில் 1927-இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில், கல்லறை தெரியாத 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் ஈராக்கின் பஸ்ரா நினைவிடத்தில், பிரிட்டிஷ் வீரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் பொறித்துவிட்டு, சாதாரண இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாக மட்டுமே குறித்தார்கள். ஆப்பிரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். கோல்ட் கோஸ்ட் (இன்றைய கானா) நாட்டின் ஆளுநராக இருந்த கக்கிஸ்பெர்க், அந்த ஊர் மக்களுக்குக் கல்லறைக் கல்லின் அருமை புரியாது என்ற பொருளில் கருத்துச் சொன்னது பதிவாகியிருக்கிறது. ஆணையமே அமைத்த குழு 2021-இல் அளித்த அறிக்கை, முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர்வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டதாகவும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரில்லாமலோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டதாகவும் சொன்னது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. இந்தக் கடைசி இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். பெயர் எழுதப்படாத இடத்தில் எண்ணிக்கையும் நிற்பதில்லை.

அப்படிப்பட்ட தூரம்தான் காஞ்சனபுரியிலும் இருக்கிறது. பாதையில் இறந்த போர்க்கைதிகளின் கணக்கு பெரும்பாலும் சில நூறு பேர் வித்தியாசத்தில் சொல்லப்படுகிறது. இறந்த ஆசியத் தொழிலாளர்களின் கணக்கு 80,000 முதல் 1,00,000 வரை என்று சொல்லப்படுகிறது. அந்த இடைவெளியிலேயே 20,000 உயிர்கள் மறைந்திருக்கின்றன. பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள் என அவர்களில் பலர் உண்டு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள். போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாமல்போன காலம் அது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) கூலி, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்று சொல்லி முதலில் அழைத்தார்கள். பிறகு லாரி கொண்டுவந்து பிடித்துப் போனார்கள். கணவனோடு மனைவியும் பிள்ளைகளும் போன குடும்பங்களும் உண்டு.

அவர்களிடம் இல்லாதது என்ன என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால் இந்தக் கட்டுரையின் முற்பகுதியைத் தலைகீழாகப் படிப்பதுபோல் இருக்கும். படை எண் இல்லை, அடையாள வில்லை இல்லை. காலையில் எழுப்பிக் கணக்கெடுக்கும் சொந்த அதிகாரி இல்லை. பெரும்பாலான முகாம்களில் மருத்துவர் இல்லை, கொதிக்கவைத்த தண்ணீர்தான் உயிர்காக்கும் என்று கட்டளையிட ஆள் இல்லை. போர்க்கைதிகள் வாந்திபேதியை ஓரளவேனும் தடுக்க முடிந்தது இந்த ஒழுங்கினால்தான். தமிழர் முகாம்களில் அந்த நோய் லயம் லயமாக, குடியிருப்பு வரிசை வரிசையாக, ஆட்களை அழித்துப்போட்டது. இருக்கிறவர்கள் ஓடிப்போனார்கள், ஓடியவர்கள் காட்டில் விழுந்தார்கள், மிஞ்சியவர்கள் குழி தோண்டிப் பிணங்களை மொத்தமாகத் தள்ளினார்கள் அல்லது எரித்தார்கள். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாள் பெயர்ப்பதிவேட்டில், பெயர் இருந்திருக்கும், கங்காணிக்கு முகம் தெரிந்திருக்கும். ஆனால் சயாமில் நடந்த சாவைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நூல் ஒன்றும் இருக்கவில்லை. போர் முடிந்ததும் ராணுவங்கள் தத்தம் வீரர்களைத் தேடிக் காட்டுக்குள் போயின. இவர்களைத் தேடி எந்த அரசும் அப்படி ஒரு குழுவை அனுப்பவில்லை. பிரிட்டிஷ் மலாயாவின் குடிமக்களா, இந்தியாவின் பிள்ளைகளா என்று அவர்களுக்காக வழக்காடக்கூட அப்போது ஒருவரும் இல்லை.

1944-இல் ஜப்பானிய ரயில் படைப்பிரிவே காஞ்சனபுரியில் ஆற்றுப் பாலத்துக்கு அருகில் ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. அதில் பிற மொழிகளோடு தமிழிலும் எழுத்துப் பொறிக்கப்பட்டது. அவர்களைச் சாகும்வரை வேலை வாங்கியவர்கள்தான் அவர்கள் மொழியில் முதலில் கல்லில் எழுதினார்கள் என்பது என்னால் எளிதில் கடக்க முடியாத செய்தி. அந்தத் தூணிலும் ஒரு பெயர் கிடையாது.

1990-இல் காஞ்சனபுரி நகருக்குள்ளேயே ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைத்தன. போர்க்கல்லறைக்கு மிக அருகில் உள்ள வாட் தாவோர்ன் வராராம் என்ற பௌத்த ஆலயத்தின் வளாகத்தில், ஆசியத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கானோரின் எச்சங்களை வைத்த ஒரு தூபி இருக்கிறது. அதே வளாகத்தில் 2023-இல், மரண ரயில் பாதையில் இறந்த தமிழர்களுக்காக ஒரு நடுகல் நிறுவப்பட்டது. தொழிலாளர் நாளான மே 1 அன்று அதைத் திறந்தார்கள்.

நடுகல் என்ற சொல்லைத் தேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது. போரில் விழுந்தவனுக்குக் கல் எடுத்து, நீராட்டி, நட்டு, பெயரும் பெருமையும் எழுதிப் பீலி சூட்டி வழிபடுவது தமிழ் நிலத்தில் இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். அகநானூறு அதைப் 'பெயரும் பீடும் எழுதி' என்று சொல்கிறது. பெயர் முதலில், பீடு பிறகு. ஆநிரை மீட்கப் போய் ஊருக்கு வெளியே செத்தவனுக்குக்கூட எந்தத் தலைவன் காலத்தில், எந்த ஊர் மாட்டுக்காக, எவன் மகன் இறந்தான் என்று எழுதிய கற்கள் தருமபுரியிலும் செங்கத்திலும் இன்றும் கிடைக்கின்றன. காஞ்சனபுரியில் நட்ட கல்லில் வெட்டுவதற்கு அப்படி ஒரு பட்டியல் எவர் கையிலும் இல்லை.

அந்தப் பட்டியலின் சில துணுக்குகள் இன்னும் மலேசியாவில் வீடுகளுக்குள் இருக்கின்றன. எங்கள் தாத்தா இந்தத் தோட்டத்திலிருந்து போனார், கூடப் போன இன்னார் மட்டும் திரும்பி வந்தார், அவர் சொல்லித்தான் தெரியும் என்ற அளவில் அவை வாய்வழியாக வாழ்கின்றன. இறந்த நாள் தெரியாததால் அந்த வீடுகளில் திதி கொடுக்க நாள் கிடையாது. நாள் தெரியாமல் போனவர்களுக்கெல்லாம் சேர்த்து மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிற வழக்கம் ஒன்றுதான் அவர்களுக்கு மிச்சம். தோட்டத்தின் பெயர், போன ஆண்டு, கங்காணியின் பெயர், உடன் போனவர்களின் பெயர் என்ற நான்கு விவரங்கள் கிடைத்தாலே ஒருவரைப் பெயரோடு பதிவு செய்துவிடலாம். அதைச் சொல்லக்கூடிய பிள்ளைகளுக்கு இப்போது எண்பது, தொண்ணூறு வயது.

காஞ்சனபுரி ரயில் நிலையத்தில் இறங்கினால் போர்க்கல்லறை நடந்துபோகும் தூரம். வாசலில், சுவருக்குள் பதித்த ஒரு சிறு பெட்டியில் பதிவேடு இருக்கும். அகர வரிசையில் தேடி, வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, நேராக அந்தப் பலகையின் முன் போய் நிற்கலாம். பேராக்கிலிருந்தோ சிலாங்கூரிலிருந்தோ தாத்தாவைத் தேடி அதே நிலையத்தில் இறங்குகிற பேரன் அந்தப் பதிவேட்டைத் திறப்பதில் பயனில்லை. அவன் கல்லறையைத் தாண்டி, பக்கத்து ஆலயத்துக்குள் போய், ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து வைத்த அந்தத் தூபியின் முன் நின்று, தனக்குத் தெரிந்த ஒரே பெயரைத் தானே சொல்லிக் கும்பிட்டுவிட்டு வருகிறான்.